குரல் கொடுக்கிறவன்

...அந்த ஒரு வரியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் சாவி, சாவி இல்லாமல் எருது ஒரு அடிகூட நகராது, என்று யூ-லான் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், மெதுவாக, சத்தம் வராமல், ஏனென்றால் விளக்கை அணைத்தாயிற்று, மதியத் தூக்கம், பதினாலாம் மாடி முழுக்க ஆட்கள் மேசைமேல் கன்னத்தை வைத்துக் கவிழ்ந்து கிடக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் ஆறு வயதில் பிடித்த பழக்கம், நாற்பதை நெருங்கினாலும் சாப்பிட்ட கையோடு விளக்கு அணைந்தால் உடம்பு தானாகச் சாய்ந்துவிடுகிறது, பக்கத்து மேசையில் ரூ-பிங் கழுத்துத் தலையணையில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், எச்சில் ஒழுகினால் படம் எடுத்துக் குழுவில் போடாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் தினமும் கண்ணை மூடுவாள். யூ-லானுக்கு மட்டும் இந்த நேரத்தில் தூக்கம் வருவதில்லை, அவனுக்கும் வராது, ஆ-ஹெங்குக்கு, இந்த இருட்டில் இரண்டே இரண்டு திரைகள்தான் எரியும், இவளுடையது இங்கே, அவனுடையது கோடியில் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு வருஷமல்ல இரண்டு வருஷமல்ல, இப்போது அந்த நாற்காலியில் யாரோ மழைக்கோட்டைக் காயப்போட்டிருக்கிறார்கள்... சரி, சாவி. எருதுக்கென்று ஒரு கணக்கு, அந்தக் கணக்குக்கு ஒரு சாவி, சாவியை எல்லாரும் பார்க்கிற கோப்பில் எழுதிவைக்கக் கூடாது, தனியாகப் பூட்டி வைத்துவிட்டு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் எருதின் காதில் சொல்ல வேண்டும், சொன்னாள், திரையின் ஓரத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது, எருது அரட்டை அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

எருது என்பது வெறும் பாட், அரட்டை அறையில் நம்மோடு ஒரு ஆளாக உட்கார்ந்து சொன்னதைச் செய்கிற நிரல், துறைமுக வாசலில் லாரிகளுக்கு நேரம் ஒதுக்கித் தருகிற இவர்களுடைய மென்பொருள் ஐம்பது அறுபது கன்டெய்னர்களாகப் பிரிந்து ஓடுகிறது, இங்கே எல்லாரும் பெட்டி என்றுதான் சொல்வார்கள், பெட்டிகள் எல்லாம் சேர்ந்தது கிளஸ்டர், ஏதாவது ஒரு பெட்டி செத்துப்போனால் இத்தனை நாளும் ஒரு ஆள் கறுப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டளை அடித்து எழுப்பினான், இனிமேல் வேண்டாம், அரட்டையில் எருதே, மூன்றாம் பெட்டியை எழுப்பு என்று எழுதினால் போதும், பேருந்தில் நின்றுகொண்டு எழுதலாம், கழிப்பறையிலிருந்து எழுதலாம். பெயர் வைக்க ஓட்டெடுப்பு நடத்தியபோது ரூ-பிங்தான் ஆரம்பித்தாள், "ஆ-ஹெங்னே வச்சிடலாம்பா, அவனும் சொன்னதைச் செய்வான், வாயைத் திறக்கமாட்டான், ஒரு வித்தியாசமும் தெரியாது," எல்லாரும் சிரித்தார்கள், யூ-லானும் சிரித்தாள், கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டோமோ, பிறகு இவளே எருது என்று சொன்னாள், ஓட்டு விழுந்துவிட்டது, யாரும் எதுவும் கவனிக்கவில்லை... ரூ-பிங் கவனித்தாளா? காலையில்கூட லியாவ் மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "யூ-லான், ஒன்றரைக்கு எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காட்டணும், அதுக்கு முன்னாடி அனுமதிப் பட்டியல்ல அந்தப் பேரை எடுத்துடு, வேற பிரிவுக்குப் போய் வேற நாட்டுல உக்காந்திருக்கிறவன் பேரு இன்னும் இங்க கிடக்குதுன்னா தணிக்கைக்காரன் என் தோலை உரிச்சு வெயில்ல காயப்போடுவான்" என்று சொன்னபோது, ரூ-பிங் டீயை உறிஞ்சுவதை ஒரு நொடி நிறுத்தினாள், அல்லது நிறுத்தியதாக இவளுக்குத் தோன்றியது. எடுத்துடறேன் மேனேஜர். அவ்வளவுதான். ஒரு வரி. ஜிங்-ஹெங் என்று, ஆ-ஹெங்கின் முழுப்பெயர், இருப்பதை அழித்துவிட்டு ரூ-பிங் என்று போட வேண்டும், எருதின் கோப்பில் மொத்தம் இருநூறு வரி இருந்தால் அதில் ஒன்று, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது அதிகாரம். எருது எதையெல்லாம் தொடலாம், எதைத் தொடக் கூடாது. பார்க்கலாம், எழுப்பலாம், கூட்டம் அதிகமானால் பெட்டிகளைக் கூட்டலாம், குறைக்கலாம், அழிக்க மட்டும் தானாக முடியாது, அழிக்க வேண்டுமென்றால் கேட்கிறவர் ஒருவர், சரி சொல்கிறவர் இன்னொருவர், இரண்டு பேர் வேண்டும், இது எருதுக்காகப் புதிதாக வந்த சட்டமல்ல, லியாவ் மேனேஜர் செய்த காரியத்தால் வந்த சட்டம். சோதனைக் கிளஸ்டர் என்று நினைத்துக்கொண்டு உண்மையானதை மொத்தமாகத் துடைத்தார் மனிதர், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த விருந்தாளிகளுக்கு எனக்கும் கட்டளை அடிக்கத் தெரியும் என்று காட்டுவதற்காக, அவ்வளவுதான், துறைமுக வாசலில் ஒரு லாரிக்கும் நேரம் இல்லை, வரிசை பாலம் வரைக்கும் போய்விட்டது, ஆகஸ்ட் மாசத்து வெயில், தார் இளகி செருப்பில் ஒட்டுகிறது, மன்னிப்புக் கேட்பதற்கு மேனேஜர் போகவில்லை, யூ-லானையும் ஆ-ஹெங்கையும் அனுப்பினார், அவனுடைய ஸ்கூட்டரில், காலுக்கு நடுவில் ஒரு பெட்டி, இவள் மடியில் ஒரு பெட்டி, ஐஸில் போட்டிருந்த டீ பாட்டில்கள், மடி நனைந்து தொடை மரத்துப்போனது. லாரி லாரியாக ஏறிக் கொடுத்தார்கள். வெற்றிலைப் பாக்கை மென்றுகொண்டிருந்த ஒரு கிழட்டு டிரைவர் கீழே குனிந்து பார்த்து, "என்னம்மா, நீதான் கேட்டை மூடினவளா? மூடுறதுதான் மூடின, ஒரு வாரத்துக்கு மூடியிருந்தா நானும் வீட்டுல போய்ப் படுத்திருப்பேன்ல" என்றார், ஆ-ஹெங் அவர் பக்கம் பாட்டிலை நீட்டி, "அவ இல்லை அண்ணே, நான்தான்" என்றான், அவன் இல்லை, அவளும் இல்லை, இருந்தாலும் அப்படிச் சொன்னான், டிரைவர் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஓகோ, ஜோடியாத்தான் வந்திருக்கீங்களா, அப்ப இன்னொரு பாட்டில் குடு" என்றார். இரண்டு பேரும் அதை மறுக்கவில்லை. திரும்பி வரும்போது காற்றில் அவன் சட்டை முதுகில் உப்புப் பூத்திருந்தது, அந்தக் கோட்டை விரலால் தொடலாமா என்று பாலம் முடிகிற வரைக்கும் யோசித்துக்கொண்டே... பாலம் முடிந்துவிட்டது.

இரண்டு பேர் வேண்டும் என்ற யோசனை இவளுடையதுதான், இவளுடையது என்றால் அப்பாவுடையது, அப்பா கப்பலில் பெட்டிகளைக் கட்டுகிற வேலை, நிஜப் பெட்டி, இரும்புப் பெட்டி, அடுக்கின் உச்சியில் நின்று பூட்டைத் திருகுகிறவன் ஒருவன், கீழே நின்று இங்கே ஆள் யாரும் இல்லை, திருகலாம் என்று குரல் கொடுக்கிறவன் ஒருவன், குரல் வராமல் திருகக் கூடாது, ஒரே ஒரு தடவை திருகினார், அன்றைக்கு இடது கையில் இரண்டு விரல் போனது, அதைப் பற்றி யாராவது கேட்டால் "மூணு மிச்சம் இருக்குதே, பொறுக்கித் தின்ன மூணு போதும்" என்பார். இவளுக்கு வேலை கிடைத்த அன்று என்ன வேலை என்று கேட்டார், இவள் சொன்னாள், கம்ப்யூட்டருக்குள்ளே பெட்டி, அதைப் பார்த்துக்கறது, அப்பா, "இத்தனை படிக்கவச்சு நீயும் பெட்டிதான் தூக்குற" என்றார், பிறகு, "மழையில நனையாத பெட்டிதானே? சரி போ." சன்னல் திரையின் ஓரத்தில் ஒரு கோடு வெளிச்சம் உள்ளே விழுகிறது, அதன் வழியே பார்த்தால் கிரேன்களின் கழுத்து தெரியும், அப்பா இப்போது அங்கே இல்லை, முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டில் பழைய பேஸ்பால் ஆட்டம் பார்த்துக்கொண்டிருப்பார், இவள் வைத்துவிட்டு வந்த கஞ்சியைச் சாப்பிட்டாரோ என்னமோ, சாப்பிட்டேன் என்றுதான் சொல்வார், கேட்டால்... இவளும் அப்படித்தானே.

அப்பாவின் முழங்கால். அதைத்தான் அன்றைக்கும் சொன்னாள். குமமோட்டோவுக்குப் போக அவனுக்கு உத்தரவு வந்த வாரம், ஜப்பானில் கம்பெனி புதிதாகத் திறந்த கிளை, எல்லாரும் கைகுலுக்கிவிட்டு நகர்ந்த பிறகு தண்ணீர் இயந்திரத்தின் முன்னால் நின்று அவன் குவளையை நிரப்பிக்கொண்டே, இவளைப் பார்க்காமல், "அங்கே உன் வேலைக்கும் ஒரு நாற்காலி காலியா இருக்குதாம்" என்றான். குவளை நிரம்பி வழிந்தது. "எங்கப்பாவுக்கு முழங்கால்..." என்று இவள் ஆரம்பித்தாள், முடிக்கவில்லை, அவன், "ஆமாமா, முழங்கால், அது கஷ்டம்தான்" என்றான், தரையைத் துடைக்கத் துணி எடுக்கப் போய்விட்டான். அது கேள்விதானா? நாற்காலி காலி என்பது ஒரு தகவல், அலுவலகத் தகவல், யார் வேண்டுமானாலும் யாரிடமும் சொல்லலாம், ஆனால் குவளை நிரம்பினதுகூடத் தெரியாமல் யாராவது தகவல் சொல்வார்களா... அவன் போய்விட்டான், பட்டியலில் பெயர் மட்டும் தங்கிவிட்டது, ஏனென்றால் கட்டளை அடிக்கிறவள் யூ-லான், சரி சொல்ல வேறு ஆள் வேண்டும், மேனேஜரை இந்த ஜென்மத்தில் அந்தப் பட்டியலில் சேர்க்கமாட்டார்கள், ரூ-பிங், "ஆளை விடுங்கப்பா, நான் தலையாட்டி ஏதாவது அழிஞ்சுபோனா லாரிக்காரன் வந்து என் தலையை எடுப்பான்" என்று, போன வாரம் மேனேஜர் பிடித்துச் சம்மதிக்கவைக்கிற வரைக்கும், நழுவிக்கொண்டே இருந்தாள், அதனால் கடல் தாண்டி இருக்கிறவனிடமே கேட்கும்படி ஆனது, யாரும் திட்டமிடவில்லை, யூ-லான் அதைச் சரிசெய்யவும் இல்லை. பழைய பெட்டி ஒன்று, அழிக்கணும், அனுமதி வேணும். இவள் எழுதுவாள், இந்த மதிய இருட்டில்தான் எழுதுவாள், அங்கே ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அவன் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பான், பதில் வரும், ஒரே மாதிரி, ஒவ்வொரு தடவையும், சரி. சாப்பிட்டியா? முதல் சொல் வேலை. இரண்டாவது சொல்... இரண்டாவது சொல்லும் ஒன்றுமில்லை, இந்த ஊரில் தெருவில் எதிர்ப்படுகிற ஆள் எல்லாம் கேட்கிற கேள்வி, பல் குத்திக்கொண்டே கேட்பார்கள், பதிலுக்கு நிற்கமாட்டார்கள். சாப்பிட்டேன், என்று இவள் எழுதுவாள். அதோடு முடிந்தது. மறுபடி ஒரு பெட்டி அழிக்க வேண்டி வருகிற வரைக்கும். சில வாரங்களில் அழிக்க ஒன்றும் இருக்காது, இவள் கிளஸ்டர் முழுக்கத் தேடுவாள், எங்காவது பழசாக, யாருக்கும் வேண்டாததாக, ஒரு பெட்டி கிடைக்காதா என்று, "உன்னை மாதிரி சுத்தமா வச்சுக்கிறவ யாருமில்ல யூ-லான்" என்று மேனேஜர்கூட ஒரு தடவை பாராட்டினார்.

சோதனை. ஒன்றரைக்குள் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். சோதனை அறையைத் திறந்தாள், அங்கே இவளும் எருதும் மட்டும், எருதே, பெட்டிகளைக் காட்டு, காட்டியது, எருதே, இரண்டாம் பெட்டியை எழுப்பு, எழுப்பியது, எருதே, மூன்றை ஐந்தாக்கு, ஆக்கியது, முட்டாள்தனமாக ஏதாவது எழுதிப் பார்ப்போம் என்று எருதே, புல் தின்றாயா என்று எழுதினாள், இந்தக் கட்டளை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள உதவி என்று எழுதவும், என்றது, காலையில் இவளே எழுதிவைத்த வாக்கியம்தான், இருந்தாலும் அது சொல்லும்போது கொஞ்சம் முறைப்பாக இருந்தது. இனி அழிப்பது. எருதே, ஐந்தாம் பெட்டியை அழி. விரல் விசையை விட்டு எழுந்த பிறகுதான் நினைவு வந்தது, சோதனைக் கோப்பை அவள் புதிதாக எழுதவில்லை, உண்மைக் கோப்பிலிருந்து அப்படியே நகலெடுத்தாள், பட்டியலோடு சேர்த்து, இதிலும் அதே பெயர், எருது இந்நேரம் கடலைத் தாண்டி அவன் திரையில் ஒரு சீட்டை நீட்டியிருக்கும், கீழே இரண்டு பொத்தானோடு, அனுமதி, மறுப்பு, அவன் பதில் எழுதினால் இந்த அறையிலேயே வந்து விழும். நினைவு அப்போதுதான் வந்ததா? நகலெடுக்கும்போதே தெரியாதா? அந்த வரியின் மேல் கண் போய் நிற்காமல் தாண்டியதே, தாண்டுகிற கண்ணுக்கு எங்கே தாண்ட வேண்டும் என்று தெரிந்திருக்குமே... நிறுத்திவிடலாம், எருதை நிறுத்தினால் சீட்டு செல்லாது, கை நகரவில்லை. ரூ-பிங் தூக்கத்தில் எதையோ மென்றாள். இவள் மேசையில் சோற்றுப்பொதி ரப்பர் பட்டையோடு அப்படியே இருக்கிறது, கோழிக்கால், எண்ணெய் அட்டையை நனைத்து மேசையில் வட்டம் போட்டுவிட்டது, சாப்பிடவில்லை, சாவி கொடுத்துவிட்டுச் சாப்பிடலாம், அதிகாரம் கொடுத்துவிட்டுச் சாப்பிடலாம் என்று... திரை அசைந்தது.

சரி. சாப்பிட்டியா?

எருது முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டது, அதற்கு அந்தச் சொல் போதும், ஐந்தாம் பெட்டி அழிக்கப்பட்டது என்றது, அடுத்த சொல்லை முகர்ந்து பார்த்தது, இந்தக் கட்டளை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள உதவி என்று எழுதவும். யூ-லான் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பா என்னவென்று தெரியவில்லை. எருதிடம் கேட்கிறான். கேட்டது எருதுதான், சீட்டில் எருது கேட்கிறது என்றுதான் இருக்கும், அதன் பக்கத்தில் கொம்பு வைத்த படம்கூட இருக்கும், ரூ-பிங் வரைந்தது, அதைப் பார்த்துவிட்டு ஒரு மனிதன் சாப்பிட்டியா என்று கேட்பானா, பார்க்காமலேதான் எழுதினானா, இந்த ஆறு மாதமும் பார்க்காமலேதான் எழுதிக்கொண்டிருந்தானா, எந்தச் சீட்டு வந்தாலும் யார் வந்தாலும் இதே இரண்டு சொல்லா, அங்கே அவனும் ஒரு எருதைக் கட்டிவைத்திருக்கிறானா, அவனால் முடியும், அரை மணி நேர வேலை, அப்படியென்றால் இவள் யாருக்கு இத்தனை தடவை சாப்பிட்டேன் என்று... ஆனால் பொத்தான் இருந்ததே, ஒரு தட்டுத் தட்டினால் முடிகிற வேலை, பொத்தானை விட்டுவிட்டு எதற்கு எழுதினான், பழக்கமா, அல்லது எருதுக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருப்பாள், எந்த இருட்டில் உட்கார்ந்திருப்பாள் என்று தெரிந்துதான்... திரை மறுபடி அசைந்தது. அவன்தான். உதவி, என்று எழுதியிருந்தான். ஒரே சொல். எருது உற்சாகமாகப் பட்டியலைக் கொட்டியது, எனக்குத் தெரிந்தவை, பெட்டிகளைக் காட்டு, பெட்டியை எழுப்பு, பெட்டிகளைக் கூட்டு, குறை, அழி. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அவன் பெயருக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி துடித்தது, நின்றது, துடித்தது, நின்றது.

படபடவென்று விளக்குகள் எரிந்தன, எங்கும் முதுகு நெட்டி முறிகிற சத்தம், கன்னத்தில் சட்டைக்கை மடிப்பு பதிந்த முகங்கள், ரூ-பிங் வாயைத் துடைத்துக்கொண்டே, "ஒழுகிச்சா? படம் எடுத்தியா?" என்றாள், பிறகு சோற்றுப்பொதியைப் பார்த்து, "ஏய், இன்னும் தொடவே இல்லையா நீ? எருதுக்குத் தீனி போட்டது போதும், உன் வயித்தைப் பாரு." கோடியிலிருந்து லியாவ் மேனேஜர், "யூ-லான், பேரை எடுத்தாச்சா?" எடுக்கறேன் மேனேஜர், உண்மைக் கோப்பைத் திறந்தாள், வரிக்கு நேராகப் போனாள், இந்தத் தடவை கண் தாண்டவில்லை, ஜிங்-ஹெங், இவன் பெயர் இங்கே இருந்தால் நாளைக்கு ஏதாவது விபரீதம் என்றால் பதில் சொல்ல ஆள் இருக்கமாட்டான், கீழே நிற்காதவன் குரல் கொடுக்கக் கூடாது, விரல் போகும், அது இவளுக்குத் தெரியும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அழித்தாள், ரூ-பிங் என்று அடித்தாள், சேமித்தாள். ஒன்றும் ஆகவில்லை. பச்சைப் புள்ளி அப்படியே எரிந்தது. எல்லாரும் நாற்காலியை உருட்டிக்கொண்டு பெரிய திரைக்கு முன்னால் கூடுகிறார்கள், அதற்கு நடுவில், எதற்கென்று தெரியாமல், அவனோடு தனியாகப் பேசுகிற சன்னலைத் திறந்து மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள், அனுமதி வேணும், சரி, சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அனுமதி வேணும், சரி, சாப்பிட்டியா, சாப்பிட்டேன், சாப்பிட்டேன், சாப்பிட்டேன், எருது எழுதியது மாதிரியே இருந்தது, இவள் பக்கம்தான், அவன் பக்கம்கூட இல்லை, அவன் ஒவ்வொரு தடவையும் ஒன்று கேட்டிருக்கிறான், இவள் ஒரே ஒரு தடவைகூடத் திருப்பி, நீ, என்று கேட்டதில்லை. ஆறு மாதம். தெருவில் போகிறவனிடம்கூடக் கேட்டுவிடுகிறோமே... "யூ-லான்! எருதை ஓட்டிட்டு வா, கதவு திறந்துதான் இருக்கு!" என்று மேனேஜர் கத்தினார், சிரிப்பு. வர்றேன், என்றாள். கட்டத்தில் இன்னும் சாப்பிடலை என்று எழுதி, நீ என்று எழுதி, கேள்விக்குறி போட்டு, அனுப்புகிற விசையின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள், காது மட்டும் எதற்கோ காத்திருந்தது, கீழேயிருந்து யாராவது ஒரு குரல்... இதற்கு யார் சரி சொல்ல வேண்டும்?